தடையும் தொடர்ச்சியும்: மெய்நிகர்க் கணினிகளின் வலையமைப்பு மாற்றம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகப் பட்டியல், மாணவர் பதிவேடு, பரீட்சைப் பெறுபேறுகள், மின்னஞ்சல் ஆகிய யாவும் இன்று ஓர் அறையிலுள்ள சில கணினிகளின் இயக்கத்திலேயே தங்கியுள்ளன. அவை இயங்கும்பொழுது அவற்றைப் பற்றி எவரும் சிந்திப்பதில்லை. அவை நிற்கும்பொழுதுதான் அவ்வறையும் அங்கு பணிபுரிவோரும் ஏனையோர் கண்ணிற்படுகின்றனர். இத்தகைய அறைகளில் அடிக்கடி மேற்கொள்ளப்படும் ஒரு மாற்றத்தை, அஃதாவது மெய்நிகர்க் கணினிகளைத் தாங்கும் தாய்க்கணினிகளைத் தனி வலையமைப்பு வாயில்களிலிருந்து ட்ரங்க் வாயில்களுக்கு மாற்றும் பணியை விளக்குவதும், அதனைச் சேவை நிற்காது செய்வதற்கான நெறியை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆராய்ச்சியில் ஈடுபட்டோன் இதனை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் நமது ஏடுகளும் பதிவேடுகளும் எச்சாதனத்தின்மீது நிலைபெற்றுள்ளனவோ அச்சாதனத்தின் இயல்பை அறியாதிருத்தல், அச்சுயந்திரத்தின் வரலாற்றை அறியாது நாவலின் வரலாற்றை எழுத முனைவது போன்றதாகும். மேலும், 'குறைந்த சேவைத் தடை' என்னும் தொடர் வெறும் தொழில்நுட்பத் தொடரன்று. அதன் பின்னே மனித உழைப்புப் பற்றிய வினா ஒன்றும் மறைந்துள்ளது. அதனை இறுதியிற் காண்போம்.

1. பிரச்சினையின் தோற்றம்

ஈதர்நெட் எனப்படும் வலையமைப்பு முறை 1973ஆம் ஆண்டில் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ரொபர்ட் மெற்காஃப் என்பவரால் முன்மொழியப்பட்டது. ஒரே கம்பியைப் பல கணினிகள் பொதுவிற் பகிர்ந்துகொள்வதே அதன் அடிப்படை. ஒரு கம்பியில் இணைந்தோர் யாவரும் ஒரே வலையமைப்பினர். வேறு வலையமைப்பு வேண்டுமாயின் வேறு கம்பி வேண்டும். பின்னர் கம்பிகள் யாவும் சுவிட்ச் என்னும் இணைப்புக் கருவியில் வந்து குவிந்தபோதும், பௌதிக இணைப்பும் தருக்கரீதியான உறவும் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தன.

இவ்விரண்டையும் வேறுபடுத்தும் சிந்தனை 1980களில், பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்கொஸ்கி முதலியோரது ஆய்வுகளிலிருந்து உருவாகியது. அதுவே வீலான் எனப்படும் மெய்நிகர் உள்ளகவலையமைப்பாகும். அதற்கான பொது நியமம் 802.1கியூ என்னும் பெயரில் 1998இல் ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவனத்தால் வகுக்கப்பட்டது. ஒரே சுவிட்சில் அருகருகே இணைந்துள்ள இரு கணினிகள் ஒன்றையொன்று காணாத இருவேறு வலையமைப்புகளிற் சேர்ந்திருக்கவும், இருவேறு கட்டடங்களிலுள்ள கணினிகள் ஒரே வலையமைப்பினைச் சேர்ந்திருக்கவும் இதனால் இயலுமாயிற்று.

இதற்கு இணையாகவே வேறொரு பிரிவினையும் நிகழ்ந்தது. ஒரு பெருங்கணினியைப் பல தனிக்கணினிகள் போலப் பங்கிடும் முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1972இல் வி.எம்./370 என்னும் பெயரில் வெளியிட்டது. பெருங்கணினிகளுக்கே உரியதாயிருந்த அம்முறை, 1998இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனத்தின் மென்பொருள்கள் வழியாகவும், 2003இல் வெளிவந்த ஸென், 2007இல் லினக்ஸ் கருவோடு சேர்க்கப்பட்ட கே.வி.எம். ஆகியன வழியாகவும் சாதாரணக் கணினிகளுக்குப் பரவியது. கணினி என்பது இரும்புப் பெட்டி என்ற நிலை மாறி, பெட்டிக்குள் இயங்கும் பலவற்றுள் ஒன்று என்ற நிலை தோன்றியது.

நாம் ஆராயும் பிரச்சினை இவ்விரு வரலாற்றுப் போக்குகளும் சந்திக்கும் இடத்திலேயே எழுகின்றது. ஒரு பெட்டிக்குள் பல கணினிகள் உள்ளன. அவை வெவ்வேறு வலையமைப்புகளிற் சேரவேண்டியவை. ஆயின் அப்பெட்டியிலிருந்து வெளியே செல்லும் கம்பியோ ஒரே வலையமைப்பிற்குரியதாக உள்ளது.

ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். ஒரு பல்கலைக்கழகக் கணினி நிலையத்தில் மூன்று தாய்க்கணினிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இரண்டு வலையமைப்பு அட்டைகள் உள்ளன. ஒன்று முதலாம் சுவிட்சுக்கும் மற்றையது இரண்டாம் சுவிட்சுக்கும் செல்கின்றன. வாயில்கள் யாவும் 10ஆம் இலக்க வீலானுக்கு மட்டும் உரியவை. நூலகப் பட்டியலும் மாணவர் பதிவேடும் பொதுமக்கள் பார்வையிடும் இணையத்தளமும் ஒரே வலையமைப்பில் உள்ளன. இணையத்தளத்தின் மென்பொருளிற் குறையொன்றைக் கண்டு எவரேனும் உட்புகுவாராயின், மாணவர் பதிவேட்டின் கதவருகே அவர் வந்துவிடுகின்றார். எனவே மாணவர் பதிவேட்டை 20ஆம் வீலானுக்கும், இணையத்தளத்தை 30ஆம் வீலானுக்கும், தாய்க்கணினிகளுக்கிடையிலான உட்போக்குவரத்தை 40ஆம் வீலானுக்கும் பிரித்து, அவற்றுக்கிடையே செல்வனவற்றை ஒரு பாதுகாப்பு அரணின் வழியே மட்டும் அனுமதிக்கவேண்டியுள்ளது.

பழைய முறைப்படி இதனைச் செய்வதாயின், நான்கு வலையமைப்புகளுக்கும் ஈரிரண்டு அட்டைகளாக ஒவ்வொரு தாய்க்கணினிக்கும் எட்டு அட்டைகளும், மொத்தமாக 24 கம்பிகளும் வேண்டும். ட்ரங்க் முறையில் இப்போதுள்ள 6 கம்பிகளே போதும். இவ்விடயத்தில் மாற்றத்தின் பொருளாதார அடிப்படை தெளிவாகின்றது.

2. சீட்டும் வாயிலும்

ட்ரங்க் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. முன்னர் தூர இடங்களுக்குத் தொலைபேசியிற் பேச 'ட்ரங்க் கோல்' பதிவுசெய்து காத்திருந்தோரை நாம் அறிவோம். ஈரூர்ப் பரிவர்த்தனை நிலையங்களை இணைத்து, பலருக்கும் பொதுவாய் அமைந்த பெருவழியே அங்கு ட்ரங்க் எனப்பட்டது. வலையமைப்பிலும் பொருள் அதுவே: பல வீலான்களின் போக்குவரத்தை ஒரே கம்பியிற் கொண்டுசெல்லும் வழி.

பல வலையமைப்புகளின் செய்திகள் ஒரே கம்பியிற் செல்லும்போது எது எதற்குரியது என்பதை எவ்வாறு அறிவது? ஒவ்வொரு தரவுச் சட்டகத்திலும் 4 பைட்டு அளவுள்ள ஒரு சீட்டு செருகப்படுகின்றது. அதன் முதற்பாதி 'இது சீட்டுடைய சட்டகம்' என அறிவிப்பது. மறுபாதியிலுள்ள 16 பிட்டுகளுள் 12 வீலான் இலக்கத்துக்கு உரியவை. ஆகவே 4096 இலக்கங்கள் சாத்தியம். முதலும் இறுதியும் விலக்கப்பட்டமையால் 4094 பயன்பாட்டிற்குரியவை.

தனி வாயில் இச்சீட்டை அறியாது. அதன் வழியே வருவன யாவும் குறிக்கப்பட்ட ஒரே வீலானுக்கு உரியனவாகக் கொள்ளப்படும். ட்ரங்க் வாயிலோ சீட்டைப் படித்து உரிய வீலானுக்கு அனுப்பும். தாய்க்கணினியின் உள்ளேயும் ஒரு மெய்நிகர் சுவிட்ச் உண்டு. வெளியே செல்லும் சட்டகங்களிற் சீட்டை ஒட்டுவதும் உள்ளே வருவனவற்றில் அதனை நீக்குவதும் அதன் பணி. மெய்நிகர்க் கணினி இதனை உணர்வதேயில்லை.

இனி, சீட்டின்றி ஒரு சட்டகம் ட்ரங்க் வாயிலுக்கு வந்தால் என்ன நிகழும்? அதற்கென ஒரு வீலான் குறிக்கப்பட்டிருக்கும். அதனை நேட்டிவ் வீலான் என்பர். 'இயல்பு வீலான்' என நாம் வழங்கலாம். தடையின்றிய மாற்றத்தின் திறவுகோல் இதுவே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இப்பொழுது 10ஆம் வீலானின் தனி வாயிலாக உள்ளதனை, 10ஐ இயல்பு வீலானாகக் கொண்ட ட்ரங்க் வாயிலாக மாற்றினால், சீட்டை அறியாத பழைய போக்குவரத்து முன்போலவே 10ஆம் வீலானிற் சென்றுகொண்டிருக்கும். பழையது தன்னை மாற்றிக்கொள்ளாமலே புதிய வழியில் இயங்குகின்றது. புதியது அதனருகே வளரத் தொடங்குகின்றது.

3. மாற்றத்தின் ஒழுங்கு

இதனின்றும் மாற்றத்தின் அடிப்படை நெறி பெறப்படும்: பாதையை எங்கும் விரிவாக்கிய பின்னரே பயணத்தைத் தொடங்கவேண்டும். ஒரு தாய்க்கணினியில் 20ஆம் வீலானைத் திறந்தவுடன் மாணவர் பதிவேட்டை அதற்கு மாற்றிவிட்டால், அம்மெய்நிகர்க் கணினி அப்பெட்டியிலேயே சிறைப்பட்டுவிடும். அப்பெட்டி பழுதுபட்டால் அதனை ஏற்க வேறிடம் இல்லை. எனவே பணி ஐந்து படிகளாக அமைதல் வேண்டும்.

முதலாவது, பதிவு. எந்த அட்டை எந்தச் சுவிட்சின் எந்த வாயிலிற் செருகப்பட்டுள்ளது என்பதனை ஏட்டிலுள்ளபடியன்றி உள்ளபடி கண்டறிதல் வேண்டும். சுவிட்சுகளின் தற்போதைய அமைப்பைப் பிரதிசெய்து வைத்தல் வேண்டும். தாய்க்கணினியுடன் வலையமைப்பின் வழியன்றி வேறு வழியாகவும், அதன் தனிக் கட்டுப்பாட்டு இணைப்பின் மூலமோ நேரே முன்னமர்ந்தோ, தொடர்புகொள்ள இயலுமா எனச் சோதித்தல் வேண்டும். தானிருக்கும் கிளையைத் தானே வெட்டும் ஆபத்து இப்பணியில் எப்போதும் உண்டு.

இரண்டாவது, புதிய வீலான்களை இரு சுவிட்சுகளிலும் உருவாக்கி, சுவிட்சுகளுக்கிடையிலான இணைப்பிலும் அவற்றை அனுமதித்தல். இத்துறையினர் நன்கறிந்த தவறொன்று இவ்விடத்திலேயே நேர்கின்றது. சிஸ்கோ சுவிட்சுகளில் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட வீலான்களோடு 20ஐயும் சேர்க்க வேண்டுமாயின், கட்டளையில் 'சேர்' எனப் பொருள்படும் 'அட்' என்னும் சொல்லை இடுதல் வேண்டும். அச்சொல் விடுபட்டால், 'இருப்பவற்றோடு 20ஐயும் அனுமதி' என்பது '20ஐ மட்டும் அனுமதி' என மாறிவிடும். ஏனைய வீலான்கள் யாவும் அக்கணமே அறுபடும். ஓர் இடைச்சொல்லின் பொருட்பேறு பற்றி இலக்கணம் பயில்வோர் நெடிது விவாதிப்பர். இங்கு ஒரு சொல்லின் இன்மை ஒரு நிறுவனத்தையே நிறுத்திவிடுகின்றது.

மூன்றாவது, தாய்க்கணினிகளை ஒவ்வொன்றாக மாற்றுதல். ஒன்றிலுள்ள மெய்நிகர்க் கணினிகளை, அவை இயங்கிக்கொண்டிருக்கும்போதே, மற்றைய இரண்டுக்கும் இடம்பெயர்க்கவேண்டும். நினைவகத்தின் உள்ளடக்கத்தைச் சுற்றுச்சுற்றாகப் பிரதிசெய்து, எஞ்சிய சிறுபகுதிக்காக மட்டும் கணப்பொழுது நிறுத்தும் இம்முறையை வி.எம்.வேர் 2003இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. 2005இல் ஸென் பற்றி வெளிவந்த ஆய்வொன்று, 60 மில்லிசெக்கன் அளவே தடைநேர்ந்த நிலைகளையும் காட்டிற்று. இதற்கு, மூன்றின் சுமையை இரண்டு தாங்குமா என்பதை முன்னரே கணித்தல் இன்றியமையாதது. வெறுமையான தாய்க்கணினியின் ஒரு வாயிலை, 10ஐ இயல்பு வீலானாகக் கொண்ட ட்ரங்க் ஆக மாற்றிச் சோதித்த பின்னரே மற்றைய வாயிலைத் தொடவேண்டும். இரண்டையும் ஒருங்கே மாற்றுதல், ஈரட்டை வைத்த நோக்கத்தையே மறுப்பதாகும்.

நான்காவது, மூன்று தாய்க்கணினிகளும் மாறிய பின்னர் அவற்றின் மெய்நிகர் சுவிட்சுகளில் 20, 30, 40 ஆகியவற்றுக்கான பிரிவுகளை ஒரே பெயரில் அமைத்து, மெய்நிகர்க் கணினிகளை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றுக்கு மாற்றுதல். உண்மையான தடை தோன்றுவது இங்கேயே. வலையமைப்பு மாறுவதால் முகவரி மாறுகின்றது. முகவரி மாறுவதால் அதனை நாடும் ஏனைய கணினிகள் அதனைக் காணாது தவிக்கின்றன. பெயரையும் முகவரியையும் இணைக்கும் டி.என்.எஸ். பதிவின் ஆயுட்காலம் 86,400 செக்கனாக இருப்பின், பழைய முகவரி ஒருநாள் முழுவதும் பிறர் நினைவில் நிற்கும். ஆதலின் மாற்றத்துக்கு ஒருநாளேனும் முன்னர் அதனை 300 செக்கனாகக் குறைத்தல் வேண்டும். அடிக்கடி பிறரால் நாடப்படுவதும் முகவரியில் இறுகப் பிணைந்ததுமான கணினியை 10ஆம் வீலானிலேயே இருக்கவிட்டு, எளிதில் நகரக்கூடியவற்றை நகர்த்துவதும் பலவேளைகளிற் சிறந்த வழியாகும்.

ஐந்தாவது, தாய்க்கணினியின் நிருவாக முகவரியையும் 10ஆம் இலக்கச் சீட்டுக்கு மாற்றி, இயல்பு வீலானை எவரும் பயன்படுத்தாத ஓர் இலக்கத்துக்கு ஒதுக்குதல். சீட்டற்ற போக்குவரத்துக்குப் பயன்பாட்டிலுள்ள ஒரு வலையமைப்பைத் திறந்துவைத்தல், இரட்டைச் சீட்டு ஒட்டி வீலான் எல்லையைத் தாண்டும் தாக்குதலுக்கு இடமளிக்கும். இப்படியிலே ஒரு நுட்பம் உண்டு. தாய்க்கணினி சீட்டுடன் அனுப்பத் தொடங்கியபின்னும் சுவிட்ச் 10ஐ இயல்பு வீலானாகவே கொண்டிருக்குமாயின், பல சுவிட்சுகள் சீட்டுடன் வருவதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் மறுமொழியைச் சீட்டின்றியே அனுப்பும். தாய்க்கணினி அதனை ஏற்காது. ஒருபுறம் பேச்சு கேட்கிறது, மறுபுறம் கேட்பதில்லை. இவ்விரு மாற்றங்களுக்கும் இடைப்பட்ட மௌனத்தை முற்றாக நீக்க இயலாது. தாய்க்கணினியை வெறுமையாக்கி, அம்மௌனத்தை எவரும் உணராதபடி செய்தலே இயல்வது.

4. மறைந்திருக்கும் தடைகள்

ஒழுங்கு சரியாயிருந்தும் சேவை தடைப்படும் சந்தர்ப்பங்கள் உள. அவற்றுள் முதன்மையானது ஸ்பானிங் ட்ரீ என்னும் நெறியால் விளைவது. சுவிட்சுகள் வட்டமாக இணைந்தால் சட்டகங்கள் முடிவின்றிச் சுழலும். அதனைத் தடுக்க 1985இல் ராடியா பேர்ள்மன் என்னும் பெண் அறிஞர் வகுத்த நெறி இது. இதன்படி புதிதாக உயிர்பெறும் வாயில், வட்டம் எதுவும் இல்லையென உறுதிப்படும்வரை 15 செக்கன் செவிமடுத்தும், மேலும் 15 செக்கன் கற்றும், அதன் பின்னரே சட்டகங்களை அனுப்பும். தனி வாயிலில் இக்காத்திருப்பை நீக்கியிருந்த அமைப்பு, வாயில் ட்ரங்க் ஆனதும் பல சுவிட்சுகளிற் செயலிழந்துவிடும். ட்ரங்குக்கென அதனை மீண்டும் குறிப்பிடவேண்டும். குறிப்பிடாவிடின் நிகழ்வது யாது? தாய்க்கணினியின் அட்டை, கம்பியில் மின்னுயிர் வந்ததும் இணைப்பு மீண்டதெனக் கருதி உடனே போக்குவரத்தை அதன்வழி திருப்பும். சுவிட்சோ இன்னும் 30 செக்கன் மௌனமாயிருக்கும். இரண்டாவது அட்டை இருந்தும் பயனற்றுப்போகும்.

இடம்பெயர்ந்த கணினியின் இருப்பிடத்தைச் சுவிட்சுகள் அறிந்துகொள்ளும் முறையும் நோக்கற்பாலது. எந்த முகவரி எந்த வாயிலில் உள்ளது என்ற பட்டியலைச் சுவிட்ச் தன் நினைவில் வைத்திருக்கும். சிஸ்கோ சுவிட்சுகளில் அது பொதுவாக 300 செக்கன் நிலைக்கும். இடம்பெயர்ந்த கணினியின் சார்பிற் புதிய தாய்க்கணினி ஓர் அறிவித்தலை அனுப்பினாலன்றி, அதற்குரிய செய்திகள் பழைய வீட்டுக்கே சென்றுகொண்டிருக்கும். தரமான மென்பொருள்கள் இவ்வறிவித்தலைத் தாமே அனுப்புகின்றன.

சேமிப்புத் தட்டுகள் வலையமைப்பின் வழியே இணைக்கப்பட்டிருப்பின் கவனம் மேலும் வேண்டும். உரையாடல் சில செக்கன் தடைப்படுவதைப் பயன்பாடுகள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். தட்டு மறைவதைப் பொறுப்பதில்லை. அவ்வாறே, வி.எம்.வேர் தொகுதிகளிலுள்ள காப்புப் பொறிமுறை, வலையமைப்பை இழந்த தாய்க்கணினியைத் தனிமைப்பட்டதாகக் கருதி, அமைப்பைப் பொறுத்து அதிலுள்ள கணினிகளை நிறுத்திவிடவும் கூடும். பணி நடைபெறும் வேளையில் அக்கண்காணிப்பை இடைநிறுத்தி, முடிந்தபின் மறவாது மீளச் செயற்படுத்தல் வேண்டும்.

இவையனைத்திலும் கொடியது, அன்று தோன்றாத தவறு. இரண்டாம் சுவிட்சின் ஒரு வாயிலில் 30ஆம் வீலானை அனுமதிக்க மறந்துவிட்டதாகக் கொள்வோம். போக்குவரத்து முதலாம் சுவிட்சின் வழியே செல்லும்வரை யாவும் செவ்வனே இயங்கும். பல மாதங்களின் பின்னர், முதலாம் சுவிட்ச் பழுதுபடும் நாளில், காப்பாக அமைந்த வழியே அடைபட்டிருப்பது வெளிப்படும். ஆதலின் ஒவ்வொரு தாய்க்கணினியிலும், ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே கழற்றி, ஒவ்வொரு வீலானிலும் தொடர்பு நிலைக்கின்றதா எனச் சோதித்தாலன்றி வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது. நமது உதாரணத்தில் இது 6 கம்பிகளும் 4 வீலான்களும் சேர்ந்து 24 சோதனைகளாகும். களைப்பினால் முதலிற் கைவிடப்படுவது இச்சோதனையே.

5. தடை யாருக்குக் குறைகின்றது?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், குறைந்த தடை என்பது கைவேகத்தால் வருவதன்று என்பது புலனாகும். புதிய ஒழுங்கு பழையதையும் தாங்கும் வல்லமை பெற்ற பின்னரே பழையதைக் கைவிடல், ஒவ்வொரு படியிலும் திரும்பிச்செல்லும் வழியைத் திறந்துவைத்தல், ஒருவேளையில் ஒன்றையே மாற்றல் ஆகிய மூன்றிலுமே அது தங்கியுள்ளது.

ஆயின் இம்மூன்றும் காலத்தை வேண்டுவன. ஒரே இரவில் அனைத்தையும் நிறுத்தி மாற்றினால் சில மணிநேரத்தில் முடியக்கூடிய பணி, தடையின்றிச் செய்யப்படும்போது பல இரவுகளுக்கு நீள்கின்றது. பயனாளருக்குத் தெரியாமற்போன தடை எங்கும் மறைந்துவிடவில்லை. அது தொழில்நுட்ப ஊழியரின் உழைப்பாக உருமாறியுள்ளது. நூலகப் பட்டியல் 60 மில்லிசெக்கன் மட்டுமே நின்றதெனின், அதன் மறுபக்கத்தில் எவரோ ஒருவர் நள்ளிரவில் மூன்று தாய்க்கணினிகளை ஒவ்வொன்றாக வெறுமையாக்கி, நிரப்பி, சோதித்துக்கொண்டிருந்தார் என்பதே பொருள். வேலை செவ்வனே நிறைவேறின் அவ்வுழைப்புக் கண்ணுக்குத் தெரிவதில்லை. தவறின் மட்டுமே அவர் பெயர் பேசப்படும். வெற்றியில் மறைந்தும் தோல்வியில் வெளிப்பட்டும் நிற்பது பராமரிப்பு உழைப்பின் பொதுவிதியாக உள்ளது.

இது வெறும் அனுதாபத்துக்குரிய செய்தியன்று, தொழில்நுட்ப விளைவுமுடையது. 'ஒரு செக்கனும் நிற்கலாகாது' என்று மட்டும் கட்டளையிட்டு, அதற்கு வேண்டிய ஆளையும் நேரத்தையும் மறுக்கும் நிருவாகம், அந்த 24 சோதனைகளையே மறுக்கின்றது. களைத்த கை 'அட்' என்னும் சொல்லை விடுகின்றது; விடிவதற்குமுன் முடிக்கவேண்டுமென்ற அவசரம் இரண்டாம் கம்பியைச் சோதியாது விடுகின்றது. அன்று சேமித்ததாகக் கருதப்பட்ட நேரம், பின்னொருநாள் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் காலையிலே திருப்பிச் செலுத்தப்படுகின்றது.

எனவே, முன்னறிவித்த குறுகிய தடையொன்றை ஏற்றுக்கொள்வது பல சந்தர்ப்பங்களில் நேர்மையானதும் பாதுகாப்பானதுமான வழியாகும். விடுமுறை நாளொன்றின் காலையில் இரண்டு மணிநேரம் சேவை இராது என அறிவித்து, இருவர் சேர்ந்து, ஒருவர் கட்டளையிட மற்றவர் சரிபார்க்க, பணியாற்றலாம். எவ்வளவு தடை ஏற்கத்தக்கது என்பதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில், அத்தடையை இரவில் விழித்திருந்து தாங்குவோருக்கும் ஓர் இருக்கை வேண்டும்.